தண்ணீர் எங்கே போகிறது?

குளிர்பெட்டி, ஏர்கான், ஈரப்பதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கேமரா வைக்கும் உலர்பெட்டி பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுருட்டுப் பெட்டி பற்றியவை. சிங்கப்பூர் ஜூரோங்கில் மீன் குளிர்கிடங்கு ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்து, 36 வருடம் குளிர்பதன வேலை பார்த்தவன் நான். கடைசிப் பத்து வருடம் ஒயின் பெட்டிகளும் சுருட்டு அலமாரிகளும்தான் அதிகம். நான் புகைப்பதில்லை. அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவன், யாரையும் புகைக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒருவர் பொறுப்பாகப் பாதுகாக்கும் பொருள், பெட்டியைப் புரிந்துகொள்ளாததால் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வராது. அதனால் இந்த முறை முழுக்க இதே விஷயம்.

*

கேள்வி: அண்ணே, வணக்கம். கப்பலில் வேலை பார்த்த என் மாமனார் சேர்த்து வைத்திருந்த சுருட்டுகள், ஏறக்குறைய 180, அவர் காலமான பிறகு எங்களிடம் வந்தன. கியூபா, டொமினிகன் குடியரசு என்று பல ஊர்ச் சரக்கு. என் மனைவிக்கு அவற்றைத் தூக்கிப்போட மனமில்லை. 28 புட்டி பிடிக்கும் பழைய ஒயின் பெட்டி ஒன்றை வாங்கி, சீடர் மரத்தட்டுகள் போட்டு, 16 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஈரப்பதம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 52 விழுக்காட்டுக்கு இறங்குகிறது, பிறகு 78க்கு ஏறுகிறது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், ஸ்பஞ்சும் வைத்தேன். இப்போது அடியில் தண்ணீர் தேங்குகிறது, உள்ளே இருக்கும் இரண்டு மரச் சுருட்டுப் பெட்டிகளின் மேல் வெள்ளையாகப் புள்ளிகள். இன்னும் பெரிய கிண்ணமாக வைக்கலாமா?
தெம்பனிஸ் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் அந்தக் கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம். உங்கள் பெட்டியில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் சிக்கல்.

கம்ப்ரசர் ஓடும்போது பின்சுவரில் இருக்கும் குளிர்தகடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போய்விடும். 16 டிகிரியில், சுருட்டுக்கு ஏற்ற 65 விழுக்காடு ஈரம் உள்ள காற்று, ஏறத்தாழ 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீராகப் படியும். ஐஸ் மைலோ கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. இப்படிக் காற்றிலிருந்த நீரெல்லாம் தகட்டில் ஒட்டிக்கொள்ள, ஈரப்பதமானி 52 காட்டுகிறது. வேண்டிய குளிர் வந்ததும் கம்ப்ரசர் நிற்கும், தகடு சூடேறும், அதில் ஒட்டியிருந்த நீர் மறுபடி காற்றில் கலக்கும். மானி 78க்குப் போய்விடும். நீங்கள் கிண்ணத்தில் ஊற்றிய நீர் தகட்டுக்குப் போய், அங்கிருந்து வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது. பெரிய கிண்ணம் வைத்தால் பெரிய குளம்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எனக்கே இந்த வேலை பிடிபட்டது. உங்கள் பெட்டியின் உள்ளளவு 80 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 டிகிரியில் 65 விழுக்காடு ஈரம் என்றால், உள்ளே இருக்கும் காற்று முழுவதிலும் சேர்த்து முக்கால் கிராம் நீர்கூடக் கிடையாது. ஒரு தேக்கரண்டியில் ஏழில் ஒரு பங்கு. சரி, சுருட்டுகளில் எவ்வளவு? ஒன்று சராசரி 12 கிராம் என்றால் 180 சுருட்டு இரண்டு கிலோவைத் தாண்டும். நல்ல நிலையில் இருக்கும் புகையிலையின் எடையில் எட்டில் ஒரு பங்கு போல நீர்தான். அதாவது கால் கிலோவுக்கு மேல்! காற்றில் முக்கால் கிராம், சுருட்டில் கால் கிலோ. மானி ஏறி இறங்கிக் காட்டுவது அந்த முக்கால் கிராமின் கதையை. நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்தக் கால் கிலோவை.

அதனால் பதற்றப்படாதீர்கள். மரப்பெட்டிக்குள் மூடி இருக்கும் சுருட்டுக்குப் பத்து நிமிட ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. அது நாள் கணக்கில், வாரக் கணக்கில்தான் ஈரத்தை வாங்கும், கொடுக்கும். இன்னொரு மானி வாங்கி, ஒரு மரச் சுருட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுங்கள். இனி நீங்கள் நம்ப வேண்டிய எண் அதுதான். வெளியே 52க்கும் 78க்கும் ஆடும்போது உள்ளே 66, 67 என்று அசையாமல் நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் உங்கள் பெட்டியில் பூஞ்சணம் வந்துவிட்டது. ஆகவே பெட்டியைச் சரிசெய்யத்தான் வேண்டும். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சுருட்டுகளை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அதனுள் ஈரம் காக்கும் பொட்டலங்களையும் வைத்து, ஏர்கான் அறையில் வையுங்கள். புள்ளி விழுந்த மரத்தை 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, வாடை முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். சுருட்டின் மேல் லேசாகப் படிந்திருந்தால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். பற்றவைக்கும் முனைக்குள்ளே பூஞ்சணம் இறங்கியிருந்தால் அந்தச் சுருட்டு போனது போனதுதான். மாமனாருடையது என்பதற்காக வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

அடுத்தது குளிர். 16 வேண்டாம், 18க்கு ஏற்றுங்கள். இரண்டு டிகிரியில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைகிறது, தகடு நீர் பிடிக்கும் நேரமும் அதோடு குறைகிறது.   குளிரக் குளிர நல்லது என்பது இறைச்சிக்கும் மீனுக்கும் சரி. புகையிலைக்கு 18 முதல் 20 வரை போதும்.

பழைய பெட்டிகளில் உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் நீண்ட நேரம் ஓடவிட்டு நீண்ட நேரம் நிறுத்தும். தகடு உறைகிற அளவுக்குப் போவது இதனால்தான். வெளியே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சிம் லிம் டவரில் கிடைக்கும். பெட்டியின் பிளக்கை அதில் செருகி, அதன் உணர்முனையைப் பெட்டியின் நடுவில் தொங்கவிட்டு, 18ல் நிறுத்தவும் 19ல் ஓடவும் வையுங்கள். குறுகிய நேரம் ஓடினால் தகடு அதிகம் குளிராது. ஆனால் கம்ப்ரசருக்கு இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஐந்து நிமிடமாவது ஓய்வு வேண்டும். கருவியில் அந்தத் தாமதத்தை வைக்க மறந்தீர்களானால் கம்ப்ரசர் ஆயுள் குறையும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி செருகுங்கள். தானாகவே ஓடத் தொடங்கினால் கருவி ஒத்துவரும். பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் என்றால் ஒத்துவராது, காசை வீணாக்காதீர்கள்.

அப்புறம் வடிகுழாய். பின்சுவரின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். தகட்டிலிருந்து வழியும் நீர் அதன் வழியாக வெளியேறி, கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகும். இந்தத் துளையை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும் என்று பலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பினேன். புக்கிட் தீமாவில் ஒரு வாடிக்கையாளரின் அலமாரியில் துளையை அடைத்துவிட்டு வந்தேன். மானி அழகாக 68ல் நின்றது. ஆறு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். கீழ்த்தட்டில் நின்ற நீரில் ஊறி, மூன்று பெட்டி முழுக்கப் பூத்துப்போயிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, அமைதியாகப் பெட்டிகளைத் திறந்து காட்டினார். அந்த மூன்று பெட்டிக்கு நான்தான் பொறுப்பு, இன்றைக்கும் அதை மறக்கவில்லை. துளையை அடைக்காதீர்கள். ஆனால் சும்மா திறந்தும் விடாதீர்கள், அதன் வழியாக நம் ஊர்க் காற்று உள்ளே புகும். சிறு பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பொருத்துங்கள். வளைவில் நிற்கும் கொஞ்சம் நீரே காற்றை மறித்துவிடும். கழுவுதொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஏன் நம் ஊர்க் காற்றைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்? மதியம் 31 டிகிரி, 70 விழுக்காடு ஈரம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் 22 கிராம் நீர் இருக்கும். கதவை அகலத் திறந்து உள்காற்று முழுக்க மாறினால், உங்கள் 80 லிட்டர் பெட்டிக்குள் ஒன்றேமுக்கால் கிராம் நீர் நுழைகிறது. இருக்க வேண்டியதைவிட இருமடங்குக்கும் அதிகம். ஏர்கான் ஓடும் அறையில் திறந்தால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறையும். எனவே சுருட்டைப் பார்க்க ஆசை வந்தால் இரவில், ஏர்கான் ஓடி அரை மணி நேரம் ஆன பிறகு திறங்கள். கதவு ரப்பரையும் பாருங்கள். அறையை இருட்டாக்கி, உள்ளே கைவிளக்கை எரியவிட்டுக் கதவை மூடினால் ஒளி கசிகிற இடத்தில்தான் காற்றும் கசியும். ரப்பரை வெந்நீர்த் துணியால் துடைத்து, மெல்ல இழுத்து வடிவம் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏர்கானே முதலில் ஈரத்துக்காகப் பிறந்ததுதான். 1902இல் நியூயார்க்கின் புருக்ளினில் ஓர் அச்சகம். ஈரத்தில் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வரைந்த இயந்திரம்தான் தொடக்கம். குளிர்ந்த குழாய்களில் காற்றின் நீரைப் பிடித்து வெளியேற்றுவதுதான் அவர் முறை. உங்கள் பெட்டியின் குளிர்தகடு இன்று செய்வதும் அதே வேலை. அந்த வேலையை நமக்கு வேண்டிய அளவோடு நிறுத்தப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இனி ஈரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பொருள்கள். இரண்டு பக்கமும் வேலை செய்யும் ஈரப்பதப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. உள்ளே உப்புக்கரைசல். காற்று உலர்ந்தால் நீர் விடும், ஈரமானால் உறிஞ்சும். 65 என்று அச்சிட்டதை வாங்குங்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்பது வழக்கம், உங்களுக்கு எட்டு வேண்டும். மேலே நான்கு, கீழே நான்கு. தகட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுகூட வைக்காதீர்கள், அது தகட்டுக்கே நீர் ஊட்டிக்கொண்டிருக்கும். தகட்டுக்கு முன்னால் ஒரு சீடர் பலகையை, மேலும் கீழும் மூன்று விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால் குளிர்காற்று நேராகச் சுருட்டில் அடிக்காது. கணினியில் இருக்கும் சிறிய மின்விசிறி ஒன்றை மெதுவாகச் சுழலவிட்டால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும்.

சீடர் தட்டு போட்டது மிக நல்ல காரியம். ஸ்பானிய சீடர் என்று பெயர், ஆனால் ஸ்பெயினில் வளர்வதும் இல்லை, உண்மையான சீடரும் இல்லை. மத்திய, தென் அமெரிக்க மரம். மகோகனியும் நம் வேம்பும் இருக்கும் அதே குடும்பம். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். ஆனால் நீங்கள் காயவைத்த தட்டு இப்போது தாகத்தோடு இருக்கும். சுருட்டை உடனே உள்ளே வைத்தால் அதிலிருந்துதான் குடிக்கும். பொட்டலங்களையும் தட்டுகளையும் மட்டும் வைத்து இரண்டு வாரம் ஓடவிடுங்கள். பிறகு சுருட்டுகளைத் திரும்ப வையுங்கள்.

அதன்பின் இரண்டு வாரம் எதையும் தொடாதீர்கள். இதுதான் எல்லோருக்கும் கஷ்டம். தினமும் ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மரப்பெட்டிக்குள் வைத்த மானி 63க்கும் 68க்கும் நடுவே நின்றால், உங்கள் மனைவியிடம் அப்பாவின் சொத்து பத்திரம் என்று சொல்லலாம்.

*

கேள்வி: என்னிடம் மூன்று ஈரப்பதமானிகள். ஒன்று 61, ஒன்று 67, ஒன்று 72. எதை நம்புவது?
அங் மோ கியோ வாசகர்

பதில்: மூன்றையும் நம்பாதீர்கள், உப்பை நம்புங்கள். புட்டி மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மூன்று மானிகளையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். உப்பு மூடி கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். 20 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் அரை விழுக்காடுகூட மாறாது, அதனால் நம் ஊருக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

மறுநாள் டப்பாவைத் திறக்காமலே பாருங்கள். 70 காட்டினால் அந்த மானி 5 குறைவாகக் காட்டுகிறது. ஒரு துண்டு டேப்பில் '+5' என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் போதும். பித்தளை வளையத்தோடு முள் வைத்த மானி அழகாக இருக்கும், அலமாரிக் கதவில் அலங்காரமாக இருக்கட்டும். என் அனுபவத்தில் அவற்றில் பாதி 10 விழுக்காடு தவறு.

*

கேள்வி: சுருட்டில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டை. அடியில் மாவுபோலத் தூள். ஈரம் அதிகமானதால் வந்ததா?
உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஈரத்தைவிடச் சூடுதான் காரணம். அது புகையிலை வண்டு. லாசியோடெர்மா செரிகோர்னே என்பது அறிவியல் பெயர். முட்டை புகையிலையிலேயே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெட்டி 18 டிகிரியில் இருந்தால் அது வளராது. 25க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் பொரித்துவிடும். பகலில் ஏர்கானை நிறுத்திவிட்டு, பெட்டியைக் குளிர்விக்காமல் வைத்திருக்கும் வீடுகளில்தான் இதைப் பார்க்கிறேன். நம் ஊரில் சுருட்டுப் பெட்டிக்குக் குளிர் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

ஓட்டை விழுந்ததை எல்லாம் குப்பையில் போடுங்கள். மற்றவற்றைக் கனமான ஜிப் பைக்குள் வைத்து, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, இன்னொரு பைக்குள் போடுங்கள். முதலில் ஒரு நாள் சாதாரண ஃபிரிட்ஜில். பிறகு ஃபிரீசரில். மைனஸ் 20 டிகிரி போனால் மூன்று நாள் போதும் என்பார்கள். வீட்டு ஃபிரீசர் பெரும்பாலும் மைனஸ் 18தான், கதவும் அடிக்கடி திறக்கும். நான் ஒரு வாரம் வைக்கச் சொல்வேன். மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில். பிறகு பையைத் திறக்காமல் பெட்டியின் வெப்பத்துக்கு வரவிட்டு, அப்புறம் பிரியுங்கள். அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும், நீரும் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே வண்டு மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் தின்னும். சமையலறை டப்பாவில் பழுப்பாகச் சிறு வண்டு ஓடினால் அதையும் சுத்தம் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் விரட்டிப் பயனில்லை.

*

கேள்வி: சத்தமே போடாத, கம்ப்ரசர் இல்லாத சுருட்டுப் பெட்டி விற்கிறார்கள். அது மேலா?
பொங்கோல் வாசகர்

பதில்: நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் என்றால் மேல்தான். அது பெல்டியர் முறை. இரண்டு வேறு பொருள்களின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று 1834இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது. குளிர்ப்பக்கம் கம்ப்ரசர் தகட்டைப்போல உறைநிலைக்குப் போகாது, அதனால் ஈரத்தை மென்மையாகவே தொடும். அறை 25 டிகிரி, பெட்டி 19 டிகிரி என்றால் நிம்மதியாக ஓடும்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு மட்டும்தான் ஏர்கான் போடுகிறோம். பகலில் அறை 31, 32 டிகிரி. அப்போது அந்தப் பெட்டி ஓய்வே இல்லாமல் ஓடும், வேண்டிய குளிரும் வராது. ஓய்வில்லாததால் குளிர்ப்பக்கம் இடைவிடாமல் நீரைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், பொட்டலங்கள் மாதத்துக்குள் கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கம்ப்ரசர் பெட்டியே சரி. எதை வாங்கினாலும் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு போக வழியில்லாமல் எந்தப் பெட்டியும் திணறும்.

*

கேள்வி: என் கணவரின் சுருட்டு அலமாரியில் கீழ்த்தட்டு காலி. ஈரப்பதம் சீராக இருக்கிறது என்கிறாரே, என் பட்டுப்புடவைகளை அதில் வைக்கலாமா?
ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. புகையிலை வாசம் பட்டில் ஏறினால் இறங்காது. 65 விழுக்காடு பட்டுக்கும் சரிகைக்கும் அதிகம், 50க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. போன இதழில் சொன்ன உலர்பெட்டி மாதிரியில் பெரியதாக ஒன்று உங்களுக்கென்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்துருண்டையை அவருடைய அலமாரிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சுருட்டு எந்த வாசத்தையும் வாங்கிக்கொள்ளும்.

*

கேள்வி: ஐயா, குலதெய்வக் கோயிலுக்காக மூன்று வாரம் திருச்சி போகிறோம். வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவது எங்கள் பழக்கம். சுருட்டுப் பெட்டியை என்ன செய்வது? வரும்போது அங்கிருந்து சுருட்டு வாங்கி வந்து இதிலேயே வைக்கலாமா?
தோ பாயோ வாசகர்

பதில்: மெயினை நிறுத்தாதீர்கள். பெட்டி ஓடும் அந்த ஒரு இணைப்பை மட்டும் விட்டுவிட்டு, மற்ற சுவிட்சுகளைப் பலகையில் தனித்தனியே கீழே தள்ளிவிடலாம். கம்ப்ரசர் நின்றுபோனால் ஈரத்துக்கு வரும் ஆபத்தைவிட வண்டுக்கு வரும் வசதிதான் எனக்குப் பயம். மூடிக் கிடக்கும் வீட்டில் மூன்று வாரம் 31 டிகிரி என்றால் அது முட்டை பொரிக்கத் தேவையான காலம்தான். போவதற்கு இரண்டு நாள் முன்பு பொட்டலங்களைத் தொட்டுப் பாருங்கள். ஓரம் கெட்டியாகி, உள்ளே உப்பு நறநறவென்றால் மாற்றிவிடுங்கள். வடிகுழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அரை குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதானால், கண்ணாடி வழியாக எண்ணை மட்டும் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

திருச்சிச் சுருட்டு என்றதும் எனக்கு உறையூர் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா புகைத்தது உறையூர்ச் சுருட்டு. ஆங்கிலேயர்கள் 'செரூட்' என்று சொல்வது நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் உருட்டியது கப்பலேறி லண்டன்வரை போன காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்டுச் சுருட்டு இரண்டு முனையும் வெட்டியது, நன்றாக உலர்ந்தது, காட்டமானது. அதைக் கியூபாச் சுருட்டோடு ஒரே தட்டில் வைத்தால் சில மாதத்தில் இரண்டின் வாசமும் கலந்து எதுவும் அதுவாக இருக்காது. மூடி இறுகும் கண்ணாடிச் சாடியில் தனியாக வையுங்கள், பெட்டிக்குள் வைத்தாலும் சாடியோடு வையுங்கள். ஈரப் பொட்டலம் அதற்குத் தேவையில்லை.

கொண்டுவருவதில் ஒரு கவனம். சிங்கப்பூரில் புகையிலைக்கு வரிவிலக்கு கிடையாது. ஒரே ஒரு சுருட்டானாலும் சாங்கி விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் சொல்லி, எடைக்கு உண்டான தீர்வையையும் பொருள் சேவை வரியையும் கட்டித்தான் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஜிப் பையில் போட்டு, உட்லண்ட்ஸ் வாசகருக்குச் சொன்ன மாதிரி ஃபிரீசரில் ஒரு வாரம். அதுவரை அந்தச் சாடியைப் பெட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள்.